மூட்டை தூக்குகிற உடம்பு மூன்றாவது ரவுண்டில் ஏன் மடங்குகிறது?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு ஊர் புளியரை. வயது 23, எடை 62 கிலோ. செங்கோட்டையில் கேரளாவுக்குப் போகும் காய்கறி லாரிகளில் லோடுமேன் வேலை. சாயங்காலம் தொடங்கி ராத்திரி பத்து மணி வரை லோடு ஏற்றுவோம். 50 கிலோ மூட்டையைத் தலையில் வைத்துப் பலகை ஏறுவது எனக்குச் சாதாரணம். போலீஸ் எழுத்துத் தேர்வு முடித்துவிட்டேன். பிசிக்கலுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும் என்கிறார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். முதல் ரவுண்டை 75 நொடியில் முடித்து எல்லோருக்கும் முன்னால் போகிறேன். இரண்டாவது ரவுண்டு பாதியில் மூச்சு வாங்குகிறது, மூன்றாவதில் தொடை கல்லாகிவிடுகிறது. 7 நிமிடம் 40 நொடிக்குக் கீழே வரவே முடியவில்லை. ஒரு மூட்டையை நகர்த்தக்கூட முடியாத பையன்கள் என்னைத் தாண்டிப் போகிறார்கள். என் உடம்பில் சத்துப் போதவில்லையா? ஓடுவதற்கு முன் குளுக்கோஸ் கரைத்துக் குடித்தும் பயனில்லை. கேரளப் பக்கம் ஆரியங்காவில் இருக்கும் நண்பன், அவனும் அங்கே போலீசுக்குத் தயாராகிறான், 100 மீட்டரைத் திரும்பத் திரும்ப முழு வேகத்தில் ஓடச் சொல்கிறான். மலைப்பாதையில் கோட்டைவாசல் வரை ஏறி இறங்கியும் ஓடிப் பார்த்தேன். இரண்டு நாள் தொடை வலி. லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது என்கிறார்கள். பேசாமல் லோடு வேலையை விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்குச் சத்துக் குறைவு இருப்பதாகத் தெரியவில்லை. பலமும் இருக்கிறது. உங்கள் வேலை உடம்பின் ஒருவகை ஆற்றலை நன்றாக வளர்த்திருக்கிறது, 1500 மீட்டர் ஓட்டமோ வேறொரு வகையைக் கேட்கிறது. அந்த இரண்டாவது வகை வளரக்கூடியது. மூன்று மாதம் அதற்குப் போதும்.

தசை சுருங்க ஏடிபி என்ற ஒரு பொருள் வேண்டும். சோறு, பரோட்டா, குளுக்கோஸ், உடம்பில் இருக்கும் கொழுப்பு என எதையும் தசையால் நேரடியாகச் செலவழிக்க முடியாது. எல்லாமே கடைசியில் ஏடிபியாக மாறித்தான் பயன்படும். தசையில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏடிபி, முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மூன்று நொடிக்குத்தான் வரும். அதனால் அது செலவாகச் செலவாக உடம்பு அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளில் இப்படிப் புதுப்பிக்கப்படுவதைக் கூட்டினால் கிட்டத்தட்ட நம் எடை அளவுக்கு வரும். எவ்வளவு வேகமாக, எந்த வழியில் புதுப்பிக்கிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

முதல் வழியை நீங்கள் தினமும் பயன்படுத்துகிறீர்கள். மூட்டையைத் தூக்கித் தலையில் ஏற்றும் அந்தச் சில நொடிகளில் தசையில் சேர்ந்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் உடைந்து ஏடிபியை உடனுக்குடன் நிரப்புகிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டே தூக்க முடிவது அதனால்தான். ஆனால் முழு பலத்தோடு வேலை செய்தால் இந்தக் கையிருப்பு சுமார் பத்து நொடியில் பெரும்பாலும் கரைந்துவிடும். மூட்டையை லாரியில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பி நடக்கிறீர்கள் அல்லவா, அப்போது அது மறுபடி நிரம்புகிறது. அரை நிமிடத்தில் ஏறக்குறைய பாதி நிரம்பும், மூன்று நான்கு நிமிடத்தில் கிட்டத்தட்ட முழுதும் நிரம்பிவிடும். ஆக, லோடு வேலை ஆறு மணி நேரம் நடந்தாலும் உடம்புக்கு அது குட்டிக் குட்டி வேலைகளும் நடுவில் குட்டிக் குட்டி ஓய்வுகளும்தான். தொடர்ந்து ஏழு நிமிடம் நிற்காமல் இயங்குவது அதில் எங்கேயும் கிடையாது.

இரண்டாவது வழி, தசையில் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை ஆக்சிஜன் இல்லாமலே அவசரமாக உடைப்பது. பத்து நொடிக்கு மேல், ஒன்றிரண்டு நிமிடம் வரை பாய்ந்து ஓடும்போது இது பெரும் பங்கு வகிக்கிறது. வேகமான வழி, ஆனால் வீண் செலவு அதிகம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து இந்த வழியில் 2 ஏடிபிதான் கிடைக்கும், கிளைக்கோஜனிலிருந்து எடுத்தால் 3. அதே குளுக்கோஸை மூன்றாவது வழியில், அதாவது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தால் 30க்கு மேல் கிடைக்கும். கொழுப்பையும் இந்த மூன்றாவது வழியில்தான் எரிக்க முடியும். குறை ஒன்றுதான்: இது மெதுவாகத் தொடங்கும். ஓட ஆரம்பித்த பிறகு மூச்சும் இதயமும் தசையும் முழு வேகத்துக்கு வர ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் ஆகும்.

இப்போது உங்கள் ஓட்டத்துக்கு வருவோம். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட 100 மீட்டருக்கு 28 நொடி போதும். 400 மீட்டர் ரவுண்டு ஒன்றுக்கு 1 நிமிடம் 52 நொடி. நீங்கள் முதல் ரவுண்டை 75 நொடியில், தேவையைவிட 37 நொடி முன்னதாக முடிக்கிறீர்கள். மீதி 1100 மீட்டருக்கு 385 நொடி எடுத்துக்கொள்கிறீர்கள். அதாவது 100 மீட்டருக்கு 35 நொடி. அங்கே 77 நொடியை இழக்கிறீர்கள். 37 லாபம், 77 நஷ்டம், 40 நொடி தாமதம். உங்கள் கடிதத்தில் உள்ள எண்களை வைத்தே இந்தக் கணக்கைப் போட்டேன்.

75 நொடி வேகத்தை ஆக்சிஜனை மட்டும் வைத்து ஓட வேண்டுமென்றால், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நிமிடத்துக்கு 65 மில்லி லிட்டருக்கு மேல் ஆக்சிஜன் எடுக்க வேண்டியிருக்கும். நன்றாகப் பயிற்சி எடுத்த நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குத்தான் அது முடியும். பயிற்சி இல்லாத இளைஞர்களுக்கு உச்ச அளவே பெரும்பாலும் 40ஐ ஒட்டித்தான் இருக்கும். விழும் பள்ளத்தை உங்கள் தசை இரண்டாவது வழியில் நிரப்புகிறது, அதுவும் மூன்றாவது வழி இன்னும் சூடு பிடிக்காத அந்த முதல் நிமிடத்திலேயே. அதன் விளைவாகத் தசைக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது, பாஸ்பேட் சேர்கிறது, இழைகள் சரியாகச் சுருங்க மறுக்கின்றன. நீங்கள் கல்லாகிவிட்டது என்று சொல்வது இதைத்தான். வேகத்தைக் குறைத்தால் கொஞ்சம் சரியாகும், ஆனால் அதற்குள் அடுத்த இரண்டு ரவுண்டும் போய்விடுகிறது.

7 நிமிட வேகத்துக்கு கிலோவுக்கு நிமிடத்துக்கு சுமார் 46 மில்லி லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். உங்கள் எடைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.9 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும்போது எடுப்பதைப் போல 13 மடங்கு. இவ்வளவு நேரம் நீளும் ஓட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரை ஆற்றல் ஆக்சிஜன் வழியில்தான் வருகிறது. மீதிச் சின்னப் பங்கை இரண்டாவது வழி தரும். அது எல்லோரிடமும் கொஞ்சம்தான் இருக்கிறது, அதைக் கடைசி 300 மீட்டருக்கு வைத்துக்கொள்ள வேண்டும். உங்களைத் தாண்டிப் போகும் பையன்களுக்கு உங்கள் பலம் இல்லைதான். அவர்கள் இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் ரத்தமும், தசையில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் இந்த வேலைக்குப் பழகியிருக்கின்றன.

குளுக்கோஸ் ஏன் பயன்படவில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். ஒரு கிலோமீட்டர் ஓட, எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 1 கலோரி செலவாகும். 62 கிலோவுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் என்றால் 93 கலோரி. எல்லாம் மாவுச்சத்திலிருந்தே வந்தாலும் 23 கிராம் போதும். நன்றாகச் சாப்பிடும் ஒருவரின் தசையிலும் ஈரலிலும் சேர்ந்து 400, 500 கிராம் கிளைக்கோஜன் இருக்கிறது. சேமிப்பில் ஒரு மூலைகூடக் காலியாகாதபோது மேலே குளுக்கோஸ் ஊற்றி என்ன பயன்? அதோடு, ஓட்டத்துக்கு அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு முன் வெறும் சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் சிலருக்கு இன்சுலின் ஏறி, ஓடத் தொடங்கும் நேரத்தில் ரத்தச் சர்க்கரை இறங்கித் தலை கிறுகிறுக்கும். அந்தப் பொட்டலத்துக்குக் கொடுக்கும் பணத்துக்கு முட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

நண்பர் சொல்வதில் தவறில்லை, அது அவருடைய தேர்வுக்கானது. கேரளப் போலீஸ் உடல்திறன் தேர்வில் எட்டு இனங்கள் இருக்கின்றன, ஏதாவது ஐந்தில் தேறினால் போதும். அங்கே 100 மீட்டரை 14 நொடியில் ஓட வேண்டும். 1500 மீட்டரும் பட்டியலில் உண்டு, அதற்கு 5 நிமிடம் 44 நொடி. அது வராதவர்கள் அதை விட்டுவிட்டுத் தாண்டுதல், குண்டு எறிதல், கயிறு என்று மற்றவற்றில் தேறலாம். நமக்கு அப்படி விட முடியாது. 1500 மீட்டரில் தேறினால்தான் அடுத்த கட்டம். 100 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடி நடுவில் நன்றாக ஓய்வெடுத்தால் வளர்வது முதல் வழி. அதை உங்கள் மூட்டைகளே உங்களுக்கு வளர்த்துக் கொடுத்துவிட்டன.

லாக்டிக் அமிலம் பற்றிய பேச்சு ஊர் ஊராக இருக்கிறது. கிரவுண்டில் பெரியவர்கள்கூட இதைச் சொல்வார்கள். உண்மையில் ஓட்டத்தில் உண்டாகும் லாக்டேட் கழிவே அல்ல. இதயமும் மற்ற தசைகளும் அதை எடுத்து எரித்துக்கொள்கின்றன. ஈரல் அதை மறுபடி குளுக்கோஸாக மாற்றுகிறது. இந்தச் சுற்றைக் கண்டு விளக்கிய கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதிக்கு 1947ல் நோபல் பரிசு கிடைத்தது. ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் பழைய அளவுக்கு வந்துவிடும். அது இரண்டு நாள் தொடையில் உட்கார்ந்திருக்க வழியே இல்லை.

உங்கள் வலி வந்தது கோட்டைவாசலிலிருந்து இறங்கும்போது. ஏற்றத்தில் மூச்சுதான் முட்டும். இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் உடம்பு முன்னால் சரியாமல் தொடை தாங்கிப் பிடிக்கிறது. அப்போது தசை நீண்டபடியே இழுபடுவதால் இழைகளில் நுண்ணிய கிழிசல் விழுகிறது. வீக்கமும் வலியும் ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், தானாக ஆறும். பழகாத இறக்கத்தில் யாருக்கும் இது வரும். வலியோடு மறுபடி இறங்கி ஓடாதீர்கள். அந்த வலிக்குத் தினமும் மாத்திரை போட்டுக்கொள்வதும் வேண்டாம். சிறுநீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனால் மட்டும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், தசை அளவுக்கு மீறி உடைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறியாக இருக்கலாம்.

அந்த ரோட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். புளியரை தாண்டியதும் வரும் வளைவுகளில் விடியற்காலை இருட்டிலும் சாரலிலும் லோடு லாரிகள் வந்துகொண்டே இருக்கும். லாரிக்காரருக்கு வளைவில் உங்களைத் தெரியாது. அங்கே ஓடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. குண்டாறு அணைக்குப் போகும் பாதையோ பள்ளிக்கூட கிரவுண்டோ போதும்.

சரி, எப்படி ஓடுவது? வாரத்துக்கு நான்கு நாள் போதும். முதல் மூன்று வாரம் கடிகாரத்தில் வேகத்தைப் பார்க்காதீர்கள். 30லிருந்து 40 நிமிடம், பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். உங்களுக்கு அது கிலோமீட்டருக்கு 7 நிமிடத்தை ஒட்டி வரும். மூச்சு முட்டினால் நடங்கள், பிறகு ஓடுங்கள். இவ்வளவு மெதுவாக ஓடினால் என்ன வரப்போகிறது என்று உங்களுக்குத் தோன்றும், எல்லோருக்கும் தோன்றுகிறது. வேகத்தைவிட இங்கே நேரம்தான் முக்கியம். இதயம் நிரம்பி நிரம்பிப் பழகுகிறது, ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, அடுத்தடுத்த வாரங்களில் தசை இழைகளைச் சுற்றி நுண்குழாய்களும், உள்ளே மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுகின்றன. தினமும் உயிரைக் கொடுத்து 1500 ஓடிப் பார்க்கிற பையன்களுக்கு இது கிடைப்பதில்லை. இரண்டு வாரத்தில் முழங்கால் எலும்பு வலியோடு என்னிடம் வருகிறார்கள்.

நான்காவது வாரத்திலிருந்து நான்கில் ஒரு நாளை மாற்றுங்கள். நன்றாகச் சூடேற்றிவிட்டு 400 மீட்டரை 1 நிமிடம் 50 நொடியில், 75 நொடியில் அல்ல, ஓடுங்கள். இரண்டு நிமிடம் நடங்கள். மறுபடி ஓடுங்கள். நான்கு முறையில் தொடங்கி ஆறு முறை வரை கொண்டுபோகலாம். ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். முதலாவது 95 நொடி, கடைசி 130 நொடி என்று வந்தால் அன்றைய பயிற்சி வீண். ஏழாவது வாரத்திலிருந்து இன்னொரு நாள் 1000 மீட்டரை 4 நிமிடம் 40 நொடியில் ஓடி, ஐந்து நிமிடம் ஓய்வெடுத்து, அப்புறம் அதே வேகத்தில் ஒரு 500. மீதி இரண்டு நாளும் பழைய மெதுவான ஓட்டமே. முழு 1500ஐ மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓடிப் பார்த்தால் போதும்.

நீங்கள் ராத்திரி வேலை முடித்து, சாப்பிட்டு, படுக்க எப்படியும் பதினொன்றரை ஆகும். அப்படியிருக்க ஐந்து மணிக்கு எழுந்து ஓடுவது உடம்பைத் தேற விடாது. மெதுவான ஓட்டத்தை ஏழு மணிக்குத் தள்ளி வையுங்கள். நம் பக்கம் மலைக்காற்று இருப்பதால் கோடையைத் தவிர மற்ற மாதங்களில் அந்த நேரத்தில் வெயில் பெரிதாகத் தெரியாது. வேகமாக ஓட வேண்டிய நாளை, முந்தின நாள் லோடு குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் தேவையில்லை. லோடு முடிந்து வந்ததும் வயிறு நிறைய மாவுச்சத்து போக வேண்டும், கரைந்த கிளைக்கோஜன் அப்போதுதான் நிரம்பும். சோறோ இட்லியோ மரச்சீனிக் கிழங்கோ எதுவானாலும் சரி. பார்டர் பரோட்டாவும் கோழியும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் இருக்கட்டும், தினமும் என்றால் எண்ணெய்தான் கூடும். கூடவே முட்டை, மத்தி, பயறு, கடலை என்று ஏதாவது இருந்தால் தசை பழுது பார்த்துக்கொள்ளும். மெதுவான ஓட்டத்துக்குக் கட்டன் சாயாவோடு போகலாம். வேகமான நாளில் முக்கால் மணி நேரத்துக்கு முன் ஒரு நேந்திரம் பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஒரு ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆக்சிஜனைத் தசைக்குச் சுமந்து போவது ஹீமோகுளோபின். ஆண்களுக்கு அது 13 கிராமுக்குக் கீழே இருந்தால் எந்தப் பயிற்சியும் முழுப் பலன் தராது. வயலில் செருப்பில்லாமல் நடக்கிற ஊர் நம்முடையது, கொக்கிப்புழு கால் வழியாக ஏறிக் குடலில் இருந்து ரத்தம் குடிக்கும். அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்த்துவிட்டு, குறைவாக இருந்தால் காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் சாப்பாட்டோடு சாயா குடிப்பதை நிறுத்துங்கள், சாயா இரும்பைச் சேர விடாது. ஓடும்போது நெஞ்சு இறுக்கினாலோ, மயங்கி விழுந்தாலோ, குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலோ, இந்த அட்டவணையைத் தொடாமல் முதலில் இசிஜி எடுங்கள். ஊசி போட்டால் ஓடிவிடலாம் என்று கிரவுண்டில் யாராவது சொன்னால் அவர் பக்கமே போகாதீர்கள்.

பிசிக்கல் அன்று மூன்று மணி நேரத்துக்கு முன் இட்லி சாப்பிடுங்கள். உங்கள் வரிசை வர நேரமாகலாம், கூப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பத்து நிமிடம் மெதுவாக ஓடி, 60, 70 மீட்டரை நாலைந்து முறை கொஞ்சம் வேகமாக ஓடி வையுங்கள். ஆக்சிஜன் வழி முன்கூட்டியே திறந்துகொள்ளும். விசில் அடித்ததும் எல்லோரும் பாய்வார்கள், பாயட்டும். முதல் ரவுண்டு 1 நிமிடம் 48 நொடிக்கு மேல் வேகமாகப் போகக் கூடாது. இரண்டாவதும் மூன்றாவதும் அதே வேகம். மூன்றாவது முடியும் இடத்தில் இன்னும் 300 மீட்டர் இருக்கும், அங்கே உங்கள் காலில் இருப்பதையெல்லாம் இறக்குங்கள்.

லோடு வேலையை விட வேண்டாம். வீட்டு வருமானமும் அதில் இருக்கிறது, அதோடு அந்த வேலை உங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. பிசிக்கலுக்கு முந்தின நான்கு நாள் மட்டும் மேஸ்திரியிடம் சொல்லி லீவு எடுங்கள், கிளைக்கோஜனும் தசையும் முழுதாகத் தேறிவிடும். 1500ஐத் தாண்டியவர்களுக்கு அடுத்து கயிறு ஏறுதல் வருகிறது. அங்கே கேட்பது பத்து நொடிப் பலம், கைப்பிடி, முதுகு, தோள். இன்று உங்களைத் தாண்டி ஓடுகிற பையன்கள் அந்தக் கயிற்றின் அடியில் நின்று உங்களிடம் யோசனை கேட்பார்கள், சொல்லிக் கொடுங்கள்.